ஊசிக்கும் ரிப்போர்ட்டுக்கும் நடுவே

எங்கள் அத்திப்பட்டிலிருந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தூரமில்லை. பீச் வரை போகும் வண்டி கிடைத்தால் எண்ணூர், கத்திவாக்கம், விம்கோ நகர், திருவொற்றியூர் எல்லாம் தாண்டி வண்ணாரப்பேட்டையில் இறங்கிக்கொள்ளலாம். சென்ட்ரல் வண்டி என்றால் ஜி.எச். நடக்கிற தூரம்தான். கழுத்தில் தைராய்டு கட்டியில் ஊசி வைத்துச் செல்களை உறிஞ்சி எடுக்கச் சில நிமிடம் ஆகும். வலி, ரத்தம் எடுக்கும்போது வலிக்கிற அளவுக்குத்தான் இருக்கும். "ரிப்போர்ட் எப்போ சார் வரும்?" என்று கேட்டுவிட்டுத் திரும்ப வண்டி ஏறுகிறார்களே, கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வீட்டுக்கு வந்தால் தைரியம் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுக்கா, சும்மா பயப்படாதே" என்பார்கள். ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் நாட்களில் மூளைக்குள் என்ன நடக்கிறது, சோதனைக்கூடத்தில் என்ன நடக்கிறது, கட்டிக்குள் என்ன இருக்கலாம் என்று சொல்லத்தான் ஆள் கிடைப்பதில்லை. என்னைக் கேட்டால், பயத்தைக் குறைப்பதில் தைரிய வார்த்தையைவிட அந்த விவரங்களுக்கே பங்கு அதிகம்.

முதலில் மூளை. 2016இல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 45 பேரை ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் உட்கார வைத்தார்கள். திரையில் கல் தெரியும். அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின்சாரம் சுரீரென்று பாயும். விளையாடும்போதே அவர்களுடைய வியர்வையையும் கண்மணி விரிவதையும் அளந்தார்கள். ஷாக் நிச்சயம் என்று தெரிந்த நேரத்தில் பதற்றம் உச்சத்தில் இல்லை. வருமா வராதா என்று பாதிக்குப் பாதியாக இருந்தபோதுதான் உச்சம். கெட்டது உறுதியாகிவிட்டால் உடம்பு அதற்குத் தயாராகிவிடுகிறது. இரண்டில் எது என்று தெரியாதபோது இரண்டுக்குமே தயாராக வேண்டியிருக்கிறது. அந்த வேலை ஓயாது.

அது விளையாட்டு. நிஜ நோயாளிகளிடமும் இதைப் பார்த்திருக்கிறார்கள். மார்பகக் கட்டிக்கு பயாப்சி செய்துகொண்ட 126 பெண்களின் உமிழ்நீரில் கார்ட்டிசால் அளவை எல்வீரா லாங் குழுவினர் தொடர்ந்து அளந்து 2009இல் வெளியிட்டார்கள். கார்ட்டிசால் என்பது நெருக்கடிக் காலத்தில் அட்ரினல் சுரப்பி விடும் ஹார்மோன். காலையில் உயர்ந்து இரவுக்குள் இறங்குவது அதன் இயல்பு. பயாப்சி முடிந்து ஐந்து நாள் ஆகியும் முடிவு தெரியாமல் இருந்தவர்களுக்கு இந்த ஏற்ற இறக்கம் குலைந்திருந்தது. புற்றுநோய்தான் என்று சொல்லப்பட்ட பெண்களுக்கு எப்படிக் குலைந்திருந்ததோ அதே மாதிரி. காத்திருப்பவரைப் பார்த்து "இன்னும் எதுவுமே ஆகல, அதுக்குள்ள எதுக்கு இப்படி?" என்று கேட்கும் உறவினர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றும் ஆகவில்லை என்பது வெளியிலிருந்து பார்ப்பவருக்கு.

தைராய்டு விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. பயத்தின் அறிகுறிகளும் தைராய்டின் அறிகுறிகளும் ஒன்றுபோலவே இருக்கும். சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், தூக்கம் வராது, எரிச்சல் வரும். வெறும் பயத்திலும் இதெல்லாம் வரும். கட்டி என்று போனவுடன் டாக்டர் முதலில் சுரப்பியின் வேலையைக் காட்டும் டி.எஸ்.எச். பரிசோதனை எழுதித் தருகிறார்; இரண்டில் எது என்று பார்க்கவும் அது உதவும். கட்டியே அதிகமாக ஹார்மோன் சுரக்கிறது என்று தெரிந்தால் அது புற்றுநோயாக இருப்பது மிக அரிது. பெரும்பாலும் ஊசியே தேவைப்படாது. "தொண்டையில என்னவோ அடைக்குது" என்ற புகாரும் அப்படித்தான். கட்டி சிறியதாக இருந்தால் பெரும்பாலும் அது அடைக்காது. கட்டி இருக்கிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அடிக்கடி எச்சில் விழுங்கிப் பார்க்கிறோம். தொண்டைத் தசைகள் இறுகிப் போகின்றன. அடைக்கிற உணர்வு வருகிறது. ஊசி வைத்த இடம் ஓரிரு நாள் கன்றி, லேசாக வீங்கியிருக்கலாம். அதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டுக் கட்டி வளர்ந்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. கழுத்து வேகமாக வீங்கிக்கொண்டே போய் மூச்சுத் திணறினால்தான் உடனே ஓட வேண்டும்.

ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்ற பயம் நம் ஊரில் வேரோடியது. "கத்தி பட்டா பரவிடும்" என்பதன் தம்பி இது. எஃப்.என்.ஏ.சி. என்ற இந்தச் சோதனைக்கு எடுக்கும் ஊசி 25 அல்லது 27 கேஜ், சாதாரணமாக ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லியது. குத்திய பாதையில் புற்றுநோய்ச் செல் ஒட்டி வளர்வது தைராய்டில் அபூர்வத்திலும் அபூர்வம். ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துப் பார்க்கும் முறையை 1930இல் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் மார்ட்டினும் எல்லிஸும் எழுதிவைத்தார்கள். மெல்லிய ஊசியில் அதைச் செய்வதை 1950களுக்குப் பிறகு ஸ்வீடன் நாட்டு மருத்துவர்கள் வளர்த்தெடுத்தார்கள். பல பதினாயிரம் கழுத்துகளைப் பார்த்த முறை இது.

உறிஞ்சிய துளியைக் கண்ணாடிச் சில்லில் பரப்பி, சிலவற்றை ஆல்கஹாலில் முக்கி, சிலவற்றைக் காயவைத்து, சாயம் ஏற்றுவார்கள். சாயம் ஏற்ற அதிக நேரம் ஆகாது. தாமதம் வேறு இடத்தில். அரசு ஆஸ்பத்திரியில் ஒரே நாளில் கழுத்து, மார்பு, நிணநீர்க் கட்டி என்று வந்து குவியும் சில்லுகளை ஒவ்வொன்றாக மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். சந்தேகமானதை இன்னொரு மூத்தவரிடம் காட்ட வேண்டும். குறைந்தது பத்து செல் கொண்ட ஆறு கொத்துகளாவது தெரிந்தால்தான் "மாதிரி போதும்" என்று எழுத முடியும். ஆகவே "லேட்டாகுது, அப்ப ஏதோ இருக்கு" என்ற கணக்கு பொருந்தாது. உங்கள் சில்லுக்கு முன்னால் எத்தனை சில்லு வரிசையில் நிற்கிறது என்பதுதான் பெரும்பாலும் அந்தத் தாமதம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் இன்னொரு கலவரம். 'டை-ராட்ஸ் 4' என்று இருந்தால் நாலாம் ஸ்டேஜ் என்று நினைத்துக் கலங்கிப்போனவர்கள் நிறையப் பேர். இதற்கும் ஸ்டேஜுக்கும் சம்பந்தமே கிடையாது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி 2017இல் வெளியிட்ட இந்த முறையில், கட்டி திடமா நீர்க்கட்டியா, கறுப்பாகத் தெரிகிறதா, அகலத்தைவிட உயரம் அதிகமா, ஓரம் எப்படி, உள்ளே சுண்ணாம்புப் புள்ளி உண்டா என்று மார்க் போட்டு 1 முதல் 5 வரை பிரிக்கிறார்கள். 4 என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு சுமார் 5 முதல் 20 சதவீதம். 5க்கு 4 வாங்கினால் 80 சதவீதம் என்ற பள்ளிக்கூடக் கணக்கை இங்கே போடக்கூடாது. அந்த நாலிலும் கட்டி ஒன்றரை சென்டிமீட்டராவது இருந்தால்தான் ஊசிக்கே சிபாரிசு.

ஊசி ரிப்போர்ட்டில் வருவது வேறு எண்: பெதஸ்டா. அமெரிக்காவின் பெதஸ்டா நகரில் 2007இல் கூடிய நிபுணர்கள் வகுத்து, கடைசியாக 2023இல் திருத்திய ஆறு படிகள். முதல் படி, மாதிரி போதவில்லை என்பது. இரண்டாம் படி, சாதுவான கட்டி. ஊசிக்குப் போகிறவர்களில் பெரும்பங்கு இங்கேதான் வந்து விழுகிறது. இதில் பின்னால் புற்றுநோய் என்று தெரியவருவது சராசரியாக 4 சதவீதம். ஆறாம் படி என்றால் 97 சதவீதம் புற்றுநோய். ஐந்து என்றால் 74. இரண்டு, ஐந்து, ஆறு என்ற இந்தப் படிகளில் பதில் ஓரளவு தெளிவு. தலைவலி கொடுப்பவை மூன்றும் நாலும்: சராசரியாக 22, 30 சதவீதம்.

ஏன் அந்த இடத்தில் மட்டும் மைக்ராஸ்கோப் தடுமாறுகிறது? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிற நம்பிக்கையில்தான் இந்த ஊசிச் சோதனையே நடக்கிறது. பாப்பில்லரி வகைப் புற்றுநோய்க்கு அது சரியாக வரும். அதன் செல்லின் கருவே தனி முகம் காட்டும்: உள்ளே வெளிறி, மடிப்பு விழுந்து, சிலதில் குமிழி போலத் தெரியும். ஒரு கொத்துச் செல் போதும், நிபுணர் கண்டுபிடித்துவிடுவார். ஃபாலிகுலர் வகை அப்படியில்லை. அங்கே சாதுவான கட்டியின் செல்லும் கெட்ட கட்டியின் செல்லும் அச்சு அசலாக ஒன்றே. கட்டியைச் சுற்றியிருக்கும் உறையை உடைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா, ரத்தக் குழாய்க்குள் நுழைந்திருக்கிறதா என்பது மட்டுமே வித்தியாசம். அதைப் பார்க்க முழுக் கட்டியும் உறையோடு மேசைக்கு வர வேண்டும். ஊசியில் வரும் சில கொத்துகளில் உறை எங்கே இருக்கும்? இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது முக்கியம் என்று நினைக்கிறேன். ரிப்போர்ட் வந்தால் இரண்டில் ஒன்று தெரிந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், கடைசியில் "தீர்மானிக்க முடியவில்லை" என்ற வரியைப் பார்த்தால் முன்னைவிட அதிகமாக உடைந்துபோவார். அப்படி வந்தால் மறுபடி ஊசி வைப்பார்கள், அல்லது சுரப்பியின் ஒரு பாதியை எடுத்துப் பார்ப்பார்கள், சிலருக்கு ஸ்கேனில் கண்காணிப்பார்கள்.

மொத்தக் கணக்கு என்ன? கையால் தடவிப் பார்த்தால் பெரியவர்கள் நூறு பேரில் 4 முதல் 7 பேருக்குத் தைராய்டு கட்டி தட்டுப்படும். அல்ட்ராசவுண்டில் தேடினால் 19 முதல் 68 பேர் வரை! யாரைத் தேடுகிறோம், எவ்வளவு துல்லியமாகத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்து எண் மாறுகிறது. இவற்றில் புற்றுநோயாக இருப்பவை நூற்றில் 7 முதல் 15. அந்த ஏழிலும் பதினைந்திலும் பெரும்பாலானவை பாப்பில்லரி வகை, ஆமை வேகம். பின்லாந்தில், 1985இல் வெளியான ஓர் ஆய்வுக்காக, வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை நுணுக்கமாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் சின்னஞ்சிறு பாப்பில்லரிப் புற்று இருந்தது. உயிரோடு இருந்தவரை அது அவர்களைத் தொந்தரவு செய்யவே இல்லை.

தென்கொரியா இதையே நாடு தழுவிய பாடமாகக் கற்றுக்கொண்டது. 1999இல் அரசு தொடங்கிய புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தோடு, கொஞ்சம் காசு கூடக் கொடுத்தால் கழுத்துக்கும் ஒரு ஸ்கேன் என்று ஆஸ்பத்திரிகள் சேர்த்துக்கொண்டன. 2011இல் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்பட்டவர் எண்ணிக்கை 40 ஆயிரத்தைத் தாண்டியது. 1993ஐப் போல 15 மடங்கு விகிதம். இறப்பு விகிதம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜப்பானில் கோபே நகரின் குமா ஆஸ்பத்திரியில் 1993 முதல் வேறு வழி: ஒரு சென்டிமீட்டருக்கு உட்பட்ட, ஆபத்து குறைந்த பாப்பில்லரிப் புற்றுகளை வெட்டாமல் கண்காணித்தார்கள். 1,235 பேரைத் தொடர்ந்து பார்த்ததில், பத்து ஆண்டில் கட்டி குறிப்பிடத்தக்க அளவு வளர்ந்தது 8 சதவீதத்தினருக்கு. தைராய்டு புற்றால் இறந்தவர் அவர்களில் எவருமில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் ஊசியைத் தள்ளிப்போட வேண்டாம். திடீரென்று பெருக்கும் கட்டி, குரல் கரகரத்துப்போவது, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம், வயதானவர்களுக்குக் கல் மாதிரிக் கெட்டியாக வருவது என்றால் காத்திருக்கக் கூடாது. மற்றவர்களுக்கு, ரிப்போர்ட்டுக்கு ஒன்றிரண்டு வாரம் ஆனால் வைத்தியம் கை நழுவிப் போய்விடாது.

எங்கள் பக்கத்தில் இன்னொரு கேள்வி எழாமல் இருக்காது: "இந்தச் சாம்பலாலதான் வந்துச்சா?" அத்திப்பட்டுக்கு அருகிலேயே வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. நிலக்கரிச் சாம்பலும் நுண்துகளும் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் கெடுதல் என்பதில் சந்தேகமில்லை. தைராய்டு கட்டிக்கு உறுதியாக நிறுவப்பட்ட காரணங்கள் வேறு. சிறுவயதில் கழுத்தில் கதிர்வீச்சு பட்டிருப்பது அவற்றில் முதலாவது. செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு அங்கே குழந்தைகளிடம் கண்டது அதைத்தான். குடும்பத்தில் யாருக்காவது இருந்திருப்பது, அயோடின் பற்றாக்குறை, வயது, பெண்ணாக இருப்பது ஆகியவை மற்றவை. சாம்பலைக் குறை சொல்ல வேறு ஆயிரம் நியாயங்கள் உண்டு. இந்தக் கட்டியை அதன் கணக்கில் எழுத இன்று கையில் ஆதாரம் இல்லை.

அயோடின் என்றதும், கடலோரத்தில் பிறந்து உப்பளம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எதற்குக் குறையப்போகிறது என்று தோன்றும். கடலுப்பில் இயற்கையாக இருக்கும் அயோடின் மிக மிகக் கொஞ்சம். மீனில் உண்டு, சாக்கில் வரும் கல்லுப்பில் கிட்டத்தட்ட இல்லை. இமாச்சலின் காங்ரா பள்ளத்தாக்கில் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் 1950களில் தொடங்கிச் செய்த ஆய்வு, அயோடின் சேர்த்த உப்பு கழுத்துக் கழலையைக் குறைப்பதைக் காட்டியது. 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது. இன்று வீட்டுக்கு வரும் உப்பில் பத்து லட்சத்துக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் கட்டி வந்த பிறகு பயந்துபோய் அயோடின் மாத்திரை வாங்கி விழுங்குவது வேண்டாத வேலை. தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸை வீட்டை விட்டே துரத்துவதும் அப்படித்தான்.

சரி, காத்திருக்கும் நாட்களை எப்படித்தான் ஓட்டுவது? கலிஃபோர்னியாவில் கேட் ஸ்வீனி என்ற உளவியலாளர், வக்கீல் தேர்வு எழுதிவிட்டு நாலு மாதம் முடிவுக்காகக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளைப் பின்தொடர்ந்தார். கவலையை அடக்குவது, அதை நினைக்காமல் இருக்கப் பார்ப்பது, நல்லதே நடக்கும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வது, எதுவும் பெரிதாக உதவவில்லை. சொல்லப்போனால் காத்திருந்தபோது நன்றாகக் கவலைப்பட்டவர்கள்தான், முடிவு கெட்டதாக வந்தபோது சுதாரித்து அடுத்த வேலையைப் பார்த்தார்கள். கவலைப்படுகிறோமே என்று ஒரு கவலை வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. அவருடைய பிந்தைய ஆய்வுகளில் உதவியதாகத் தெரிந்தது, தன்னை மறந்து மூழ்கிப்போகும் வேலை. டி.வி. பார்ப்பது அதில் சேராது. கண் திரையில் இருக்கும், நினைப்பு கழுத்தில் இருக்கும். கையும் கணக்கும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். தையல், புள்ளிக் கோலம், வலை பின்னுவது. வடசென்னைக்குக் கேரமைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இரவில்தான் மனசு அதிகம் அலையும். 1980களில் தாமஸ் போர்கோவெக் குழுவினர் சோதித்த ஒரு வழி: நாள் முழுக்கத் தோன்றும் கவலையை "சாயங்காலம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிவைத்து, ஒரு குறிப்பிட்ட அரைமணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து மொத்தமாகக் கவலைப்படுவது. கேட்கச் சிரிப்பாக இருக்கும். பலருக்கு வேலை செய்கிறது. படபடப்பு ஏறும்போது, இழுக்கும் மூச்சைவிட விடும் மூச்சை நீட்டி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று மெதுவாக்குங்கள். மூச்சை விடும்போது வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு வேகத்தைக் குறைக்கச் சொல்லிச் சேதி போகிறது. அந்த நரம்பு தைராய்டை ஒட்டித்தான் கழுத்தில் இறங்குகிறது. தூக்கமே இல்லாமல், சாப்பாடே இறங்காமல் நாட்கள் போனால் 14416இல் டெலி-மானஸ் இருக்கிறது; 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் அரசு மனநல உதவி எண், தமிழில் பேசலாம், இலவசம்.

உடனிருப்பவர்களுக்கு: "ஒண்ணும் இருக்காது" என்ற ஒரு வரி பேச்சை அங்கேயே முடித்துவிடுகிறது. அதன்பிறகு பயத்தை அவர் உங்களிடம் சொல்லமாட்டார். "ரிப்போர்ட் வாங்கப் போகும்போது நானும் வர்றேங்க்கா" என்பது மேல். துறைமுகத்திலும் அனல்மின் நிலையத்திலும் ஒப்பந்தக் கூலிக்குப் போகிறவருக்கு ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு. அவருடைய பதற்றத்தில் பாதி அதுவாகவும் இருக்கலாம். யாராவது போய் ரிப்போர்ட் வந்துவிட்டதா என்று விசாரித்துவிட்டு வந்தால் ஒரு வீண் அலைச்சல் மிச்சம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நாலு கேள்வியும் மறந்துபோகும். முதல் நாளே ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள்: பெதஸ்டா எத்தனை, ஸ்கேனும் ஊசியும் ஒத்துப்போகிறதா, அடுத்து என்ன, அதற்கு அவசரம் எவ்வளவு. சாதுவான கட்டி என்று வந்தாலும் ஸ்கேனில் எப்படித் தெரிந்தது என்பதைப் பொறுத்து ஓராண்டிலோ இரண்டாண்டிலோ மறுபடி ஒரு அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்வார்கள். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் ஓ.பி. சீட்டையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். கட்டி வளர்ந்திருக்கிறதா என்று அளந்து சொல்ல, அடுத்த முறை பார்க்கும் டாக்டருக்குப் பழைய அளவு வேண்டும்.